பணித்தளத்துக்குப் போகிறவர்கள் தங்களையும் நேசிப்பது எப்படி

மிஷனெரிப் பணித்தளத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். சபைப் போதகரான ஐயரவர்கள் ஒரு வேத வசனம் குறித்துக் கொடுப்பார். பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் ஊறுகாய் தருவார்கள். முன்னால் போய் வந்த அண்ணன்மார் கொசுவலை, டார்ச், இந்தி அகராதி என்று பட்டியல் போடுவார்கள். போகிற இடத்தில் நம்மை நாமே எப்படி நடத்த வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலைப்பக்கம், மால்தோ பேசும் பகாடியா மக்கள் நடுவில் ஊழியம் செய்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமம். பள்ளிப் பிள்ளைகளின் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்வதும், மழை விட்ட நாட்களில் மலைமேல் இருக்கும் ஊர்களுக்கு ஏறிப்போவதும் என் வேலை. முதல் வருடத்துக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

விடுதிப் பிள்ளையை வைத்து அளந்து பாருங்கள்

"உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்று மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். தன்னை நேசிக்க எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்ட வசனம் அது. ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடம் போய்க் கேட்டால் கதை வேறு. பிறனை நேசிக்க நமக்குச் சிறுவயது முதல் பயிற்சி உண்டு. தன்னிடத்தில் அன்பு என்றாலோ ஏதோ பாவ அறிக்கையில் சேர்க்க வேண்டிய விஷயம்போல் நெளிகிறோம்.

நாம் கேட்டு வளர்ந்த கதைகளும் அப்படி. 1806-இல் கல்கத்தாவில் வந்து இறங்கிய ஆங்கிலேயப் போதகர் ஹென்றி மார்ட்டின், தேவனுக்காக எரிந்து தீர வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1812-இல், 31 வயதில், இன்றைய துருக்கியிலுள்ள தோக்காத்தில் இறந்துபோனார். வாலிபர் முகாம்களில் இதைச் சொல்லும்போது பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். அந்தச் சில வருடங்களில் அவர் புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் கொண்டுவந்தார் என்பதை ஒரு வரியில் கடந்துவிட்டு, சீக்கிரம் இறந்தார் என்பதைத்தான் இழுத்துச் சொல்கிறோம். இது எனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

அதனால் நான் அந்தக் கட்டளையைப் பின்பக்கமிருந்து பிடிக்கிறேன். என் விடுதிப் பிள்ளைக்கு என்ன செய்வேனோ, அதை எனக்கும் செய்வது. இதுதான் இந்த வழிகாட்டியில் இருக்கும் ஒரே முறை. மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

செய்து பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்போம், போர்வை போடுவோம், இரத்தப் பரிசோதனைக்கு ஆள் தேடுவோம். நமக்கே காய்ச்சல் என்றால் ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு மலையேறுவோம். கணக்கு வராத பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நாலுமுறை சொல்லித் தருவோம். நமக்கு மால்தோ வினைச்சொல் ஒன்று நாக்கில் வராவிட்டால், "நீயெல்லாம் எதற்கு இங்கே வந்தாய்" என்று உள்ளுக்குள் கேட்போம். (மால்தோ திராவிட மொழிதான், தமிழுக்குத் தூரத்துச் சொந்தம். மனப்பாடம் செய்யும்போது அந்தச் சொந்தம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.) பிள்ளையிடம் சொல்லக் கூசும் ஒரு சொல்லை உங்களிடம் நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் வாயைத் திறந்தே திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும்: "பரவாயில்லை, நாளைக்குப் படிக்கலாம்." பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். சொல்லுங்கள்.

உடனே ஒருவர் 2 தீமோத்தேயு 3-ஐத் திறப்பார். கடைசி நாட்களின் பாவப் பட்டியலில் முதலாவதாக நிற்பவர்களே "தற்பிரியர்" தானே என்பார். நியாயமான கேள்வி. நான் சொல்லும் அளவுகோல் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதுதான் பதில். விடுதிப் பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்குப் போனில் படம் பார்க்க விடுவேனா? மிட்டாயை மட்டும் தின்று வயிற்றை நிரப்ப விடுவேனா? பக்கத்துப் பாயில் படுப்பவளோடு மூன்று நாள் பேசாமல் இருக்க விடுவேனா? விடமாட்டேன். எனக்கும் விடக்கூடாது. பிள்ளையை நேசிப்பதும் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுப்பதும் வேறு வேறு என்று விடுதியில் நமக்கு நன்றாகத் தெரிகிறது. அந்த அறிவைச் சொந்த அறைக்குள்ளும் எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவே.

எலியாவுக்குத் தேவன் செய்ததை வரிசையாகச் செய்யுங்கள்

1 இராஜாக்கள் 19-ஐப் பிரசங்கமாக வாசிக்காமல் ஒரு செய்முறையாக வாசியுங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் பர்வதத்தில் எலியா தீர்க்கதரிசிக்குப் பெரிய வெற்றி. இந்த அதிகாரத்தில் அதே மனிதன் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். வெற்றிக்குப் பின்னால்தான் விழுகிறான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் ஆராதனை, பிள்ளைகள் முகாம், ஊரிலிருந்து விருந்தினர் வந்து போன வாரம் என்று ஏதாவது நன்றாக முடிந்தபின் வரும் நாட்களில் மனம் கனத்துப் போகும். அது அவிசுவாசம் என்று நினைத்து உபவாசம் போடாதீர்கள்.

ஏனென்றால் அங்கே தேவன் உபவாசம் போடச் சொல்லவில்லை. முதலில் தூங்கவிடுகிறார். தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. தின்றுவிட்டு அவன் மறுபடியும் படுத்துக்கொள்கிறான், ஒருவரும் திட்டவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் ஓரேப் மலை வரை நடை, கேள்வி, மெல்லிய சத்தம் எல்லாம். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே வயிறு நிறைந்து, தூங்கி, நடந்த பிறகுதான் வருகிறது.

மனம் உடையும் நாளில் இதே வரிசையைப் பிடியுங்கள். தூக்கம், சூடாக ஏதாவது சாப்பாடு, மறுபடியும் தூக்கம், நடை, பிறகு ஜெபம். எங்கள் பக்கம் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும்தான். மலைமேல் போனால் மக்காச்சோளக் கஞ்சி. எதுவானாலும் உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள். அடுப்பங்கரையில் நின்றபடி பாத்திரத்திலிருந்து வழித்துத் தின்பது நம் ஊழியக்காரப் பெண்களின் தேசிய வழக்கம். பிள்ளைக்கு அப்படிப் போடுவீர்களா?

அதே அதிகாரத்தில் கண்ணில் படாமல் போகும் இன்னொரு வரி உண்டு. எலியா பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போகிறான். மனம் சரியில்லாதபோது கூட இருப்பவர்களை விலக்குவது அப்போதிருந்தே இருக்கும் பழக்கம் போலிருக்கிறது. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று அவன் புலம்ப, தேவன் ஏழாயிரம் பேர் இருப்பதாகச் சொல்லி, அவனுக்குப் பின் தீர்க்கதரிசியாகப்போகிற எலிசாவையும் காட்டுகிறார். தனியே இருக்க வேண்டும்போல் தோன்றும் மாலையில் விடுதிச் சமையல்கார அக்காவோடு போய் உட்கார்ந்து அரிசி புடைத்துக் கொடுங்கள். பேச வேண்டியதில்லை.

உடம்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கேள்வி கேட்காமல் செய்யுங்கள். எங்கள் மாவட்டங்களில் மலேரியாவும் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலும் உண்டு. மூளையைத் தாக்கும் மலேரியா ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். காய்ச்சல் வந்த அன்றைக்கே இரத்தம் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் காலா அசாருக்குச் சோதிக்கச் சொல்லுங்கள். அதைப் பரப்பும் மணல் ஈ கொசுவைவிடச் சிறியது, சாதாரண வலைக்குள் நுழைந்துவிடும். அதனால் மருந்து தோய்த்த வலையையே கட்டுங்கள். ஜெபித்துவிட்டு வலைக்குள் படுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் வைத்தியம் எழுதி அனுப்பியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஞாயிறு நமக்கு வேலை நாள் என்பதால் நான் திங்கட்கிழமையை வைத்திருக்கிறேன். "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று சாப்பிடவும் சமயமில்லாதிருந்த சீஷர்களை இயேசு அழைத்தார். போன இடத்துக்கு ஜனங்கள் முந்திக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பதையும் மாற்கு மறைக்கவில்லை. உங்கள் திங்கட்கிழமையும் அப்படித்தான் கலையும். கலைந்தால் புதன்கிழமை மத்தியானத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

காணிக்கைப் பணமும் தேங்காய் எண்ணெயும்

இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தவிக்கிறார்கள். நமக்கு வரும் படிப்பணம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். பீடி சுற்றும் ஆச்சி ஒருவர் முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது. உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துவைத்த பிடியரிசியை விற்றது. அந்தப் பணத்தில் தலைக்கு எண்ணெயும் நல்ல செருப்பும் வாங்கக் கை வராது. சந்தையில் செருப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய செருப்பைத் தைத்துக்கொண்டு திரும்புவோம்.

அந்த ஆச்சியையே மனதில் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். அறுந்த செருப்போடு ஆடி மாதச் சேற்றில் மலையேறுகிறாள் பிள்ளை என்று தெரிந்தால், அவர் காணிக்கையை நினைத்து மகிழ்வாரா, நம் முதுகில் ஒன்று வைப்பாரா? நான் செய்வது இது: படிப்பணம் வந்ததும் விடுதிச் செலவுக்கு ஒதுக்குவதுபோல எனக்கென்று ஒரு சிறு தொகையை நோட்டில் என் பெயர் போட்டு எழுதிவிடுவேன். மாதக் கடைசியில் அது மீந்திருந்தால் அதைத் தருமம் செய்வதில்லை; அடுத்த மாதத்துக்கு என் பெயரிலேயே நிற்கும். தேங்காய் எண்ணெய், சானிட்டரி நாப்கின், அம்மாவோடு அரை மணி நேரம் பேசுவதற்கான ரீசார்ஜ், எப்போதாவது ஹாட் என்கிற வாரச்சந்தையில் ஒரு பொட்டலம் ஜிலேபி எல்லாம் அதில் அடங்கும்.

சோர்வு நோயாக மாறினால்

வங்காளத்துச் செராம்பூர், கல்கத்தாவை ஒட்டிய ஹௌராவிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான். அங்கே மிஷனெரி வில்லியம் கேரியின் பெயரைச் சொல்லாத கல் இல்லை. 1793-இல் அவரோடு மனமில்லாமல் வந்த மனைவி டாரதி, அடுத்த வருடம் மகன் பீட்டரைப் பறிகொடுத்து, புத்தி பேதலித்து, 1807-இல் இறக்கும்வரை மீளவேயில்லை. 1800-இல் கேரியின் ஊழியத்தில் முதல் விசுவாசியாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றதை நம் கூட்டங்களில் சொல்கிறோம். அந்த நேரத்தில் டாரதி அடைத்த அறைக்குள் இருந்தார் என்பதைச் சொல்வதில்லை. அன்றைக்கு அவருக்கு மருத்துவம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

பல வாரமாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, பிள்ளைகளின் சத்தமே தாங்கவில்லை, சாவைப் பற்றிய நினைப்பு வந்து வந்து போகிறது என்றால் எலியாவின் அடையோடு நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள். பக்கத்தில் மருத்துவர் இல்லாவிட்டால், அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-க்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் மலேரியா மாத்திரையை எப்படி விழுங்குவீர்களோ அப்படி விழுங்குங்கள். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் திரும்புங்கள். தோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து, 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். படுத்தபடியே எத்தனை புத்தகம் எழுதினார் பாருங்கள் என்று அதற்கும் நாம் கணக்குச் சொல்வோம். ஒன்றுமே எழுதாமல் படுத்திருந்தாலும் தேவன் அவரை நேசித்திருப்பார் என்று ஒரு பிரசங்கியாராவது சொல்லக் கேட்க எனக்கு ஆசை.

ஜெபக்கடிதத்தில் உங்களையும் எழுதுங்கள்

மாதாந்தர ஜெபக்கடிதங்களை வாசித்தால் மிஷனெரிக்கு உடம்பே கிடையாது என்று தோன்றும். "கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன்" என்று தொடங்கி, ஊர்ப் பெயர்களைச் சொல்லி முடிந்துவிடும். இரண்டு கடிதம் எழுதுங்கள். பொதுக்கடிதத்தில் எப்போதும்போல் ஊழியச் செய்தியோடு, கடைசியில் உங்களுக்கென்று ஒரே ஒரு ஜெபக்குறிப்பு. இரண்டாவது கடிதம், வாயைக் காக்கத் தெரிந்த ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும். அதில் அலங்காரம் வேண்டாம்: "மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகை வருகிறது. கூட இருக்கும் அக்காவோடு மனத்தாங்கல். பதில் போட வேண்டாம், வெள்ளிக்கிழமை போன் செய்யுங்கள்." இவ்வளவு போதும்.

தேவையைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் 2 தீமோத்தேயுவின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். மரணம் சமீபித்திருக்கிறது என்று எழுதிய அதே கையால் பவுல், துரோவாவில் கார்பு வசம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார், புத்தகங்களையும் கேட்கிறார், மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்றும் அவசரப்படுத்துகிறார். பொத்தாம்பொதுவாக "என் தேவைகளுக்காக ஜெபியுங்கள்" என்று அவர் எழுதவில்லை. எந்த ஊரில், யார் வீட்டில் அங்கி இருக்கிறது என்பதுவரை எழுதினார். எங்கள் பக்கம் மார்கழியிலும் தையிலும் நம் ஊர்க்காரர்கள் கனவிலும் காணாத குளிர். ஸ்வெட்டர் வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே எழுதிவிடுங்கள். கூடவே அளவையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார், நீங்கள் இன்னும் கொஞ்சம் தேற வேண்டும் என்ற விசுவாசத்தோடு இரண்டு அளவு பெரிதாகப் பின்னி அனுப்பிவிடுவார்கள்.