காலநிலையும் மதமும்: இணைய வாதத்தில் கட்சி புகுந்து கெடுக்கும் இடங்கள்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சண்டை ஆரம்பித்துவிடும். பட்டாசுப் புகையால் பூமி சூடாகிறது என்று ஒருவர் எழுதுவார். புத்தாண்டு வாணவேடிக்கையை ஏன் கேட்கவில்லை என்று இன்னொருவர் வருவார். பத்தாவது பின்னூட்டத்துக்குள் 'சங்கி' (இந்துத்துவ ஆதரவாளர்), 'உபி' (திமுக ஆதரவாளர்) என்ற வசை இரண்டும் வந்து விழுந்துவிடும். அதற்குப் பிறகு புகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தச் சண்டையில் முதல் வரியிலேயே தவறு இருக்கிறது. பட்டாசு தருவது காற்று மாசு. காலநிலை மாற்றம் என்பது வேறு கணக்கு. பட்டாசிலிருந்து வரும் நுண்துகள்கள், குறிப்பாக 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை, நுரையீரலின் அடிவரை போகும். காற்று அடித்தாலோ மழை பெய்தாலோ ஓரிரு நாளில் இறங்கிவிடும். புவியைச் சூடாக்கும் கரியமில வாயு அப்படி இறங்குவதில்லை. அதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது இன்று 420-ஐத் தாண்டியிருப்பது அதனால்தான். இன்னும் சொல்லப்போனால், கந்தகப் புகையிலிருந்து உருவாகும் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிச் சற்றே குளிர்விக்கவும் செய்யும்.

ஆக, 'ஒரு ராத்திரி பட்டாசா உலகத்தைச் சூடாக்கப்போகிறது' என்று கேட்பவர் காலநிலைக் கணக்கில் சரியாகத்தான் கேட்கிறார். ஆனால் அந்த ராத்திரி இழுப்பு வந்து திணறும் குழந்தைக்கு அது பதில் ஆகாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்ததும் காற்றையும் உடல்நலத்தையும் காரணம் காட்டித்தான். தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆனது. அதே உத்தரவு கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை என்று நேரம் குறித்தது. 'இந்துப் பண்டிகைக்கு மட்டும் ஏன்' என்று கேட்பவரும் 'அவர்களுக்கு மட்டும்தான் வேண்டும்' என்று எழுதுபவரும் அந்த வரியைப் படித்திருந்தால் பாதிச் சண்டை அங்கேயே நின்றிருக்கும். பின்னூட்டம் எழுதுமுன் உத்தரவை ஒருமுறை திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எந்தப் பதிவைப் பார்த்தாலும் முதலில் மூன்று துண்டாக வெட்டுங்கள். என்ன நடக்கிறது, எவ்வளவு என்பது ஒன்று. எதனால் என்பது இரண்டு. யார் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்று. முதல் இரண்டுக்கும் அளவீடு பதில் சொல்லும். மூன்றாவதில் நியாயம், செலவு, நம்பிக்கை எல்லாம் கலந்திருக்கும். அங்கே கருத்து வேறுபடுவதுதான் இயல்பு. 'இந்தியா ஏன் நிலக்கரியைக் குறைக்க வேண்டும்?' என்று கேட்பவரை அறிவியல் மறுப்பாளர் என்று முத்திரை குத்துவது இந்த மூன்றையும் குழப்புவதால் வரும் தவறு. ஆண்டுக்கு ஒரு இந்தியரின் பங்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு, ஒரு அமெரிக்கரின் பங்கு ஏறத்தாழ 14 டன். அவர் கேட்பது நியாயம் பற்றிய கேள்வி. 1992-இல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. உடன்படிக்கையிலேயே, பொறுப்பு எல்லாருக்கும் பொது, ஆனால் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்று எழுதியிருக்கிறது.

மதத்தைக் கட்சியாக எண்ணிவிடுவது

அமெரிக்க விவாதங்களைப் பார்த்துவிட்டு, 'கிறிஸ்தவர்கள் புவி வெப்பமாதலை நம்பமாட்டார்கள்' என்று நம் ஊரிலும் எழுதுகிறார்கள். அங்கே நடந்ததைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அந்த ரியோ உடன்படிக்கையில் அமெரிக்கா சார்பில் கையெழுத்திட்டது குடியரசுக் கட்சி அதிபர், ஜார்ஜ் புஷ் மூத்தவர். பிரிட்டனில் கன்சர்வேடிவ் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1989-லேயே ஐ.நா. சபையில் இந்த ஆபத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். 2006-இல் அமெரிக்க இவாஞ்சலிக்கல் (பைபிளை மையமாகக் கொண்ட புராட்டஸ்டண்ட் பிரிவு) தலைவர்கள் 86 பேர் நடவடிக்கை கோரிக் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதே பிரிவிலிருந்து, அதை எதிர்க்கும் கார்ன்வால் கூட்டணியும் இருந்தது. 2008-இல் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து காலநிலைக்காக விளம்பரத்தில் பேசினார்கள். மூன்று ஆண்டுக்குள், அதிபர் வேட்பாளராக நின்றபோது, கிங்ரிச் அதைத் தன் தவறு என்றார்.

இந்த இடைவெளியில் பைபிள் மாறவில்லை. குடியரசுக் கட்சியின் நிலை மாறியது. பியூ ஆய்வு மையம் 2015-லும் 2022-லும் வெளியிட்ட கருத்துக் கணிப்புகளும் இதையே காட்டின: காலநிலை பற்றி ஒரு அமெரிக்கர் என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்ல, அவருடைய மதத்தைவிடக் கட்சிதான் பெரிய தடயம். ஒரே வேதத்தைப் படிக்கும் கறுப்பினப் புராட்டஸ்டண்டுகளும் வெள்ளை இவாஞ்சலிக்கல்களும் இதில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் அமைப்பான ஐ.பி.சி.சி.யின் அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஜான் ஹௌட்டன் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர். டெக்சாஸில் பணிபுரியும் காலநிலை அறிவியலாளர் கேத்தரின் ஹேஹோவும் அப்படித்தான்.

வசனச் சண்டை இதன் இன்னொரு முகம். புவி வெப்பமாதலை மறுத்த அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், பைபிளின் ஆதியாகமம் 8:22-ஐக் காட்டி, குளிரும் வெப்பமும் ஒழியாது என்று கடவுளே சொல்லியிருக்கிறார் என்று வாதிட்டார். மறுதரப்பினர் 2:15-ஐக் காட்டுவார்கள். அங்கே தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் வைக்கப்படுகிறான். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. வசனத்துக்கு வசனம் எறிவதும், வசனத்தைக் கேலி செய்வதும் ஒன்றுபோல வீண். கேலி செய்த மறுகணம் எதிரில் இருப்பவர் தன் நம்பிக்கையைக் காக்கத் திரும்பிவிடுவார். வெப்பநிலை பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்குப் பதில், அவருடைய சமூகமே அதிகாரப்பூர்வமாக என்ன சொல்லியிருக்கிறது என்று காட்டலாம். சுற்றுச்சூழல் பற்றிய போப் பிரான்சிஸின் 2015 சுற்றுமடல் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் வெளியான, காலநிலை பற்றிய இஸ்லாமிய அறிக்கை இருக்கிறது. இயற்கைக்கு எதிரான குற்றம் பாவம் என்று ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பேட்ரியார்க் பர்த்தலோமேயு 1997-லேயே சொன்னது இருக்கிறது.

ஆனால் போப் சொன்னதால் பூமி சூடாகிறது என்று நிறுவ முடியாது. 'ஏன் அக்கறை கொள்ள வேண்டும்' என்பதற்குத்தான் மத ஆவணம் உதவும். நம் பக்கம் வரும் 'முன்னோர் அன்றே சொன்னார்கள்' பதிவுகளுக்கும் இதுவே பொருந்தும். வள்ளுவர் 'வான்சிறப்பு' அதிகாரத்தில் மழை பொய்த்தால் உலகம் என்ன ஆகும் என்று சொன்னது மனதை உலுக்கும் உண்மை. அதில் கரியமில வாயுவைத் தேடுவது குறளுக்கும் நல்லதல்ல, அறிவியலுக்கும் நல்லதல்ல.

கணக்குத் தெரிந்தவர் தப்பிப்பார் என்ற நினைப்பு

யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் அவருடைய குழுவும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கணக்குத் தெரிந்தவரும் கட்சிச் சாய்விலிருந்து தப்புவதில்லை என்று பளிச்சென்று காட்டும். ஒரு தோல் களிம்பு வேலை செய்கிறதா என்று கேள்வி. களிம்பு போட்டவர்களில் 223 பேருக்குக் குணம், 75 பேருக்கு மோசம். போடாதவர்களில் 107 பேருக்குக் குணம், 21 பேருக்கு மோசம். சட்டென்று பார்த்தால் 223 பெரிதாகத் தெரியும். விழுக்காடு போட்டால், களிம்பு போட்டவர்களில் குணமானது சுமார் 75 விழுக்காடு. போடாதவர்களில் சுமார் 84 விழுக்காடு. அந்தக் களிம்பு போடாமல் இருப்பதே நல்லது. கணக்கில் தேர்ந்தவர்கள் இதை அதிகமாகச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அதே எண்களை, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தடை விதித்தால் குற்றம் குறைகிறதா என்ற கேள்வியாக மாற்றிக் கொடுத்தபோது நிலைமை மாறியது. தன் கட்சிக்குப் பிடிக்காத விடை வரும் இடத்தில் கணக்கு தெரிந்தவர்களும் தடுமாறினார்கள். இரு கட்சியினருக்கும் இடையிலான பிளவு அவர்களிடம்தான் அதிகமாக இருந்தது.

படித்தவர், இன்ஜினியர் என்பதால் ஒருவர் சாய்வில்லாமல் இருப்பார் என்று நம்ப வேண்டாம், உங்களையும் சேர்த்து. ஒரு எண் உங்கள் பக்கத்துக்குச் சாதகமாக வந்தால், அதே எண் எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமாக வந்திருந்தால் எங்கே ஓட்டை தேடியிருப்பீர்களோ, அங்கேயே தேடிப் பாருங்கள்.

எண்களைத் திருகுவது இரு பக்கமும் உண்டு

'1998-க்குப் பிறகு பூமி சூடாகவில்லை' என்ற வரைபடம் ஒரு காலத்தில் எங்கும் சுற்றியது. 1998 வலுவான எல் நினோ ஆண்டு. பசிபிக் கடலில் இருந்து வெப்பம் வெளியேறி அந்த ஆண்டின் சராசரியைத் தூக்கிவிட்டது. உச்சியில் இருந்து கோடு போட்டால் எந்த மலையும் இறக்கமாகத்தான் தெரியும். சோதிப்பது எளிது: நாசாவின் ஆண்டு சராசரி அட்டவணை இலவசமாகக் கிடைக்கிறது. தொடக்க ஆண்டை 1997, 1999, 2000 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு ஆண்டு நகர்த்தியதும் முடிவு கவிழ்ந்தால் அந்த முடிவு தொடக்கப் புள்ளியில் இருந்து வந்தது. குறைந்தது 30 ஆண்டு எடுங்கள். வானிலை அமைப்புகள் சராசரி கணக்கிட அந்த நீளத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

இதே எல் நினோ தவறை மறுபக்கமும் செய்கிறது. 2024-இல் புவி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போனதும், அந்த 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயலும் 'பாரிஸ் இலக்கு செத்துவிட்டது' என்று எழுதினார்கள். அந்த இலக்கு பல ஆண்டுச் சராசரியில் அளக்கப்படுவது. 2018 அக்டோபர் ஐ.பி.சி.சி. அறிக்கையை 'உலகம் அழிய 12 ஆண்டு' என்று சுருக்கியதும் இந்த வகை. அது சொன்னது, 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் 2030-க்குள் கரியமில வாயு வெளியேற்றம் 2010 அளவிலிருந்து ஏறத்தாழ 45 விழுக்காடு குறைய வேண்டும் என்று. அழிவுத் தேதி போட்டவர்கள்தான், அந்தத் தேதி வரும்போது கேலி செய்ய எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுக்கிறார்கள்.

'97 விழுக்காடு விஞ்ஞானிகள்' என்பதையும் கவனமாகச் சொல்ல வேண்டும். 2013-இல் வெளியான ஆய்வில் 11,944 ஆய்வுச் சுருக்கங்கள் படிக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, காரணம் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னவற்றில்தான் 97 விழுக்காடு மனிதரே காரணம் என்றன. இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு 'மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதுவார்கள். அது பொய், பனிப்பாறையின் அடர்த்தி பற்றி எழுதுபவர் காரணத்தைச் சுருக்கத்தில் சொல்லத் தேவையில்லை. வாக்கெடுப்பை விட்டுவிட்டு ஆதாரத்துக்குப் போவது மேல். சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழ் அடுக்கு சூடாகிறது, மேலே ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிர்கிறது. பசுங்குடில் வாயுக்கள் விட்டுச்செல்லும் தடம் அதுதான்.

வெள்ளம் வந்த மறுநாள்

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, சபரிமலை வழக்கால் வந்த தெய்வக் கோபம் என்று ஒரு கூட்டமும், மாட்டிறைச்சியால் என்று இன்னொரு கூட்டமும் எழுதின. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை இயல்பைவிட 42 விழுக்காடு கூடுதல் மழை. அணைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்போ செப்டம்பர் 28-இல்தான் வந்தது. வீடிழந்தவர்களின் துயரத்தில் நின்று பாவக்கணக்கு எழுதுவதைவிடக் கொடிய தவறு இந்த வாதங்களில் இல்லை.

எல்லா வெள்ளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு காலநிலை மாற்றத்தின் மேல் போடுவதும் தவறுதான். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவால் அதில் மனிதர் ஏற்படுத்திய வெப்பமாதலின் தடத்தைக் கண்டறிய முடியவில்லை. தடம் தெரியவில்லை என்பதற்கு, பொதுவாகவே கனமழை கூடவில்லை என்று பொருள் அல்ல. சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 விழுக்காடு அதிக ஈரம் தாங்கும் என்ற இயற்பியல் அப்படியேதான் இருக்கிறது. 'இந்த வெள்ளத்துக்கு ஆய்வு வந்துவிட்டதா?' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். வரவில்லை என்றால் ஏரியில் கட்டிய வீடு, தூர்ந்த கால்வாய், அணை திறந்த நேரம் ஆகியவற்றைப் பேசலாம். அவை அங்கேயே பார்த்துச் சரிபார்க்கக் கூடியவை.

தவறாக எழுதியது தெரிந்தால்

இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைந்துபோகலாம் என்று ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் ஒரு வரி இருந்தது. சரியான ஆதாரமில்லாத வரி. இந்திய நிலவியலாளர்கள் உட்படப் பலர் எதிர்த்தார்கள். 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. தவறை ஒப்புக்கொண்டது. பனிப்பாறைகள் உருகுகின்றன என்ற அளவீடு அதனால் பொய்யாகவில்லை, ஆனால் அந்த ஒரு வரி இன்றும் மேற்கோளாக வந்துகொண்டிருக்கிறது.

உங்கள் பதிவில் பிழை இருந்தால் அழித்துவிட்டு ஓடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் எப்படியும் இருப்பார். பதிவின் முதல் வரியிலேயே தேதி போட்டு, எது தவறு, சரியான எண் எது என்று எழுதுங்கள். பழைய வரியை அப்படியே விட்டுக் கோடு போடுங்கள். சுட்டிக்காட்டியவர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் பின்னூட்டத்தில் நன்றி சொல்லுங்கள். அதே ஃபார்வர்டை வாட்ஸப் குழுவில் போட்டிருந்தால் திருத்தத்தையும் அந்தக் குழுவிலேயே போடுங்கள். அங்கே படித்தவர்கள் உங்கள் முகநூல் பக்கத்துக்கு வந்து பார்க்கமாட்டார்கள்.