தோழியை ஒருவன் பின்தொடர்கிறான் என்றால்

என் தோழி விஷயத்தைச் சொன்னதும் நான் கேட்டது: "நீ ஏதாவது இடம் கொடுத்தியா?" கேட்டிருக்கவே கூடாது. அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் வாயே திறக்கவில்லை. ஆகவே முதல் வேலை, நம்புவது.

அடுத்து ஒரு நோட்டு. தேதி, நேரம், இடம், நடந்தது, பார்த்தவர்கள். "மாலை 6.10, பஸ் ஸ்டாப். எதிரே பைக்கில் நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை." தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லைதான், இப்படி 20 வரி சேர்ந்தால் போலீஸுக்கும் புரியும். மெசேஜ்களை அருவருப்பில் அழித்துவிட வேண்டாம். எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்களிடமும் ஒரு பிரதி வையுங்கள்.

"இனி தொடர்புகொள்ளாதே" என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும், அதுவும் ஆபத்து இல்லையென்றால். அப்புறம் பதிலே கூடாது. 40-வது அழைப்பை எடுத்துத் திட்டினால், 40 முறை அழைத்தால் எடுப்பாள் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான்.

போனில் லொகேஷன் பகிர்வு, தெரியாத செயலி, பையில் டிராக்கர் இருக்கிறதா பாருங்கள். கிடைத்தால் தூக்கி எறியுமுன் படம் எடுங்கள், அதுவும் சாட்சி. பாஸ்வேர்டை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

நீங்களே போய் மிரட்டுவது? வேண்டவே வேண்டாம். அவள் அண்ணன் செய்து பார்த்தான், மறுநாளே தொல்லை இரட்டிப்பானது.

அப்புறம், நண்பர் கூட்டத்தில் யாராவது "விடாம சுத்துறான், என்ன காதல்!" என்று சிரித்தால், சும்மா இருக்காதீர்கள். "அவளுக்கு இஷ்டமா?" என்று கேளுங்கள்.