கதிரியக்க சோர்ஸ் தொலைஞ்சா அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் பண்றதுல நடக்குற தப்புகள்

கேன்சர் ட்ரீட்மென்ட் குடுக்குற ஹாஸ்பிட்டல், வெல்டிங்க படம் எடுத்து செக் பண்ற ஃபேக்டரி, காலேஜ் லேப், சுரங்கம்னு நாம நினைக்கிறத விட நெறைய இடத்துல கதிரியக்க சோர்ஸ், அதாவது கதிர்வீச்ச வெளிய விடுற பொருள் அடைச்ச சின்ன கேப்சூல் மாதிரியான சாமான், இருக்கு. அதுல ஒண்ணு காணாம போனா அரசாங்கத்துக்கு உடனே சொல்லணும்னு பல நாடுகள்ல ரூல் இருக்கு, ஆனா பெரிய விபத்துகள எடுத்து பாத்தா சோர்ஸ் தொலைஞ்சதுக்கும் யாராவது வாய தெறந்து சொன்னதுக்கும் நடுவுல போன நாள்லதான் மக்கள் பாதிக்கப்பட்டிருக்காங்க. இந்த வேலையில இருக்குறவங்களும் சரி, செய்தி படிக்குறவங்களும் சரி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

பெரிய தப்பு எதுன்னு கேட்டா, யூஸ் பண்ணாம கிடக்குற சோர்ஸ செத்துப்போன சோர்ஸ்னு நினைக்கிறதுதான். டெல்லி மாயாபுரியில 2010ல நடந்தது இதுதான். டெல்லி யுனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல 1985க்கு அப்புறம் யாரும் தொடாம கிடந்த ஒரு காமா இர்ரேடியேட்டர் மெஷின (ஆராய்ச்சிக்காக பொருள்கள் மேல காமா கதிர்வீச்ச பாய்ச்சுற மெஷின்), பிப்ரவரி மாசம் பழைய சாமானோட சாமானா ஏலம் விட்டுட்டாங்க. உள்ள கோபால்ட்-60ங்கிற கதிரியக்க உலோகம் இருந்தது. கோபால்ட்-60ஓட கதிர்வீச்சு பாதியா குறைய 5.27 வருஷம் ஆகும், அப்ப 25 வருஷத்துல கிட்டத்தட்ட 27ல ஒரு பங்குதான் மிச்சம் இருந்திருக்கும், அந்த மிச்சமே இரும்புக்கடையில பிரிச்சுப் போட்டப்ப ஒருத்தர் உயிர எடுத்துச்சு, இன்னும் ஏழு பேர ஹாஸ்பிட்டல்ல படுக்க வச்சுச்சு. ஏப்ரல்ல ஹாஸ்பிட்டல்ல இருந்து தகவல் போய்த்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கே விஷயம் தெரியும். இந்த மாதிரி மெஷின தூக்கிப் போடணும்னாலே வாரியத்துகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அத கேக்கவே இல்ல. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல பேர் இருந்தா மட்டும் போதாது, வருஷா வருஷம் யாராவது நேர்ல போய் பாத்து சீரியல் நம்பர சரிபாக்கணும், பழைய ஆள் ரிடையர் ஆகும்போது அந்த பொறுப்ப இன்னொருத்தர் கையில முறையா ஒப்படைக்கணும்.

அடுத்தது, பெட்டி வந்து சேந்துச்சு, அப்ப சோர்ஸும் வந்து சேந்துச்சுன்னு நம்பிடறது. மேற்கு ஆஸ்திரேலியாவுல 2023 ஜனவரியில 8 மில்லிமீட்டர் நீளமே உள்ள சீசியம்-137ங்கிற கதிரியக்கப் பொருள் உள்ள ஒரு கேப்சூல் சுரங்கத்துல இருந்து பெர்த் போற வழியில ரோட்ல விழுந்துடுச்சு. லாரி 16ஆம் தேதியே பெர்த் வந்துடுச்சு, ஆனா பெட்டிய தெறந்து பாத்தது 25ஆம் தேதி. அன்னிக்கே அரசாங்கத்துக்கு சொன்னாங்க, பொதுமக்களுக்கு 27ஆம் தேதிதான் அறிவிச்சாங்க, 1,400 கிலோமீட்டர் ரூட்ட அலசி பிப்ரவரி 1ஆம் தேதி ரோட்டோரமா கண்டுபிடிச்சாங்க. அதுவரைக்கும் அந்த வழியா போன யார் வேணும்னாலும் அத கையில எடுத்திருக்கலாம். வாங்குற இடத்துல அன்னிக்கே கதிர்வீச்சு அளக்குற மீட்டர் வச்சு பாத்திருந்தா ஒன்பது நாள் மிச்சம்.

இதோட சேந்ததுதான் 'முதல்ல நாமளே தேடி பாப்போம், கெடைக்கலன்னா சொல்லுவோம்'ங்கிற நினைப்பு. லைசென்ஸ் போயிடும், பேர் கெட்டுடும்னு பயம் இருக்கும், புரியுது, ஆனா தேடறதும் சொல்றதும் ஒரே நேரத்துல நடக்கணும். அமெரிக்காவுல ரூல் தெளிவா இருக்கு, குறிப்பிட்ட அளவுக்கு மேல உள்ள சோர்ஸ் தொலைஞ்சா உடனே ஃபோன், அப்புறம் 30 நாளுக்குள்ள எழுத்துல முழு ரிப்போர்ட். ஃபோன் பண்ணியாச்சுன்னு எழுதறத விட்டுடறதும் தப்புதான். எழுதும்போது எந்த ஐசோடோப் (கோபால்ட்-60, சீசியம்-137 மாதிரி எந்த வகை பொருள்), சீரியல் நம்பர், கடைசியா எப்ப யார் பாத்தாங்க, ஆக்டிவிட்டி, அதாவது கதிரியக்கத்தோட அளவு, எவ்வளவுன்னு போடுங்க, அந்த ஆக்டிவிட்டி எந்த தேதிக்கு உள்ளதுன்னும் போடுங்க. வெல்டிங் படம் எடுக்குற இரிடியம்-192 சுமார் 74 நாள்ல பாதியாயிடும், தேதி இல்லாத நம்பர வச்சு தேடப் போறவங்களால ஒண்ணும் கணக்கு போட முடியாது.

இனி செய்தி படிக்குறவங்க பண்ற தப்பு. ஒரு நாட்ல நெறைய ரிப்போர்ட் வருதுன்னா அங்க ஆபத்து ஜாஸ்தின்னு முடிவு பண்ணிடறாங்க. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை கமிஷன் சம்பவங்கள தொடர்ந்து வெளியிடுது, அதுல லாரியில இருந்து திருடுபோன சின்ன கேஜ் (கதிரியக்க சோர்ஸ் வச்ச அளவுக் கருவி), காணாம போன டிரிட்டியம் எக்ஸிட் போர்டு (டிரிட்டியம்ங்கிற கதிரியக்க வாயுவால ஒளிர்ற வெளியேறும் வழி பலகை)ன்னு சின்ன விஷயமும் வரும், அவ்வளவும் சொல்றாங்கங்கிறது நல்ல விஷயம். எனக்கு பயம் அமைதியா இருக்குற இடத்த பாத்துதான். நம்ம கல்பாக்கத்துல 2003 ஜனவரியில ரீப்ராசஸிங் பிளான்ட்ல (யூஸ் பண்ணி முடிச்ச அணு எரிபொருள மறுபடி பிரிச்சு எடுக்குற ஆலை) ஒரு வால்வ் பழுதாகி ஆறு ஊழியர்கள் அதிக கதிர்வீச்சுக்கு ஆளானாங்க, வெளியுலகத்துக்கு அது தெரிய மாசக்கணக்காச்சு. அதே மாதிரி அணு விபத்து எவ்வளவு பெருசுன்னு சொல்ற, 0ல இருந்து 7 வரைக்கும் உள்ள சர்வதேச அளவுகோல்ல முதல் நாள் குடுக்குற லெவல இறுதின்னு எடுத்துக்காதீங்க. ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு 2011ல முதல்ல 4, அப்புறம் 5, ஏப்ரல் 12ல 7. தகவல் வர வர மாறும்.

கடைசியா ஒண்ணு, பொருளையே தூக்கிட்டு போய் ரிப்போர்ட் பண்றது. பிரேசில்ல கோயானியா ஊர்ல 1987 செப்டம்பர்ல கைவிடப்பட்ட கிளினிக்ல இருந்து எடுத்த சீசியம்-137 சோர்ஸ் ஒரு பழைய சாமான் கடைக்கு போச்சு. வீட்ல எல்லாரும் நோவுல விழறத பாத்து, கடைக்காரரோட மனைவிதான் முதல்ல இந்த பொருள் மேல சந்தேகப்பட்டு 28ஆம் தேதி அத ஒரு பையில போட்டு பஸ்ல சுகாதார ஆபீசுக்கு எடுத்துட்டு போனாங்க. அவங்களுக்கு வேற வழி யாரும் சொல்லித் தரல. அவங்க போனதாலதான் ஊரே தப்பிச்சுது, ஆனா அவங்க உட்பட நாலு பேர் இறந்துட்டாங்க. மறுநாள் வந்த இயற்பியலாளர் மீட்டர ஆன் பண்ணதும் முள்ளு கடைசிக்கு ஓடி நின்னுடுச்சு, மீட்டர்தான் கெட்டுடுச்சுன்னு நினைச்சு அவர் திரும்பிப் போய் வேற ஒண்ணு வாங்கிட்டு வந்தார். ரெண்டாவது மீட்டரும் அதையே காட்டுச்சு. அவர் அங்க திரும்பி வந்து சேந்தப்ப தீயணைப்பு ஆளுங்க அந்த பைய எடுத்துட்டு போய் ஆத்துல போட்டுடலாம்னு கிளம்பிட்டு இருந்தாங்க, அவர்தான் தடுத்து நிறுத்தினார்.