படத்தில் ஒரு நொடி தெரிந்த லிமோசின் எந்தக் கார்? கண்டுபிடிப்பது எப்படி?

வில்லன் வந்து இறங்குகிறார். கறுப்பாக, நீளமாக ஒரு கார். கதவு மூடியதும் காட்சி மாறிவிடுகிறது. அது என்ன கார் என்று தெரியாமல் அடுத்த காட்சியில் மனம் ஒட்டாது. "கறுப்பு லிமோசின்" என்று தேடினால் படங்கள் கொட்டும், ஆனால் நீங்கள் பார்த்த கார் அதில் இருக்காது. லிமோசினில் ஒரு சிக்கல் உண்டு. காரைச் செய்தது ஒரு நிறுவனமாகவும், அதை வெட்டி நீட்டியது வேறொரு பட்டறையாகவும் இருக்கலாம். அதனால் பெயரைத் தேடும் முன், அந்த நீளம் காரில் எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

படி 1: நல்ல ஃப்ரேம்களை எடுங்கள்

வி.எல்.சி பிளேயரில் 'ஈ' (E) விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு ஃப்ரேமாக, அதாவது ஒவ்வொரு அசையாப் படமாக நகரும். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு, முற்றுப்புள்ளி விசையால் முன்னும் காற்புள்ளி விசையால் பின்னும் நகரலாம். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று ஸ்கிரீன்ஷாட் கிடைத்தால் போதும். எடுத்தவுடன் சக்கரங்களைப் பாருங்கள். நேர் பக்கவாட்டில் சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தெரிந்தால் படத்தின் அகல உயர விகிதம் தப்பு. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள், சாதாரணக் காரும் லிமோசின் மாதிரி தெரியும். நம்பர் பிளேட்டின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருந்தால், காட்சியை இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். அப்போது ஸ்டீயரிங் இருக்கும் பக்கத்தை நம்ப முடியாது.

படி 2: நீளம் எங்கே சேர்ந்திருக்கிறது?

இதற்கு மட்டும் நிதானமாக நேரம் கொடுங்கள். முன்கதவும் பின்கதவும் சாதாரண செடான் காரின் கதவுகளைப் போலவே இருந்து, நடுவில் மட்டும் நீண்ட தகடும் கண்ணாடியும் வந்தால், அது பெரும்பாலும் பட்டறையில் நீட்டியது. லிங்கன் டவுன் கார், கேடிலாக் போன்றவற்றை இப்படித்தான் நீட்டினார்கள். கதவுகளும் கூரையும் நீளத்துக்கு ஏற்ப இயல்பாக ஓடினால், அது முதலிலிருந்தே லிமோசினாக வடிவமைத்த கார். டெய்ம்லர் டி.எஸ்.420, ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 6 எல்லாம் அந்த வகை.

இடையில் நிற்கும் கார்களும் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸ் 600 சாதாரண நீளத்திலும் வந்தது, புல்மேன் என்ற நீண்ட வடிவிலும் வந்தது. முதல் வகையில் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம் 3.2 மீட்டர், புல்மேனில் 3.9 மீட்டர். நான்கு கதவு புல்மேனில் கதவுகளுக்கு நடுவே திறக்காத ஒரு பகுதி உண்டு. ஆறு கதவு புல்மேனும் இருக்கிறது. ஆக, நடுத்தகட்டை வைத்து மட்டும் பட்டறை வேலை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் அளந்துவிடலாம். பக்கவாட்டுப் படத்தில் டயரின் விட்டத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அந்த அளவு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். சாதாரண செடானில் நான்கு முறையை ஒட்டி வரும். ஐந்தைத் தாண்டினால் புல்மேன் வகை. எட்டு, ஒன்பது என்று போனால் பட்டறைக் கார் என்று தைரியமாகச் சொல்லலாம்.

படி 3: நடுவை மறைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள்

கையால் நடுப்பகுதியை மறையுங்கள். மிச்சமிருக்கும் மூக்கும் வாலும்தான் எந்தக் கார் என்று காட்டிக்கொடுக்கும். டி.எஸ்.420-ஐப் பலரும் ரோல்ஸ் ராய்ஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் கறுப்பு, இரண்டுக்கும் நான்கு வட்ட ஹெட்லைட். முன்பக்கத்தில் காற்று புகும் கம்பித்தட்டியான கிரில்லின் மேல்விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். டெய்ம்லரில் அந்தக் குரோம் விளிம்பு வரிவரியாக மடித்ததுபோல் இருக்கும். ரோல்ஸ் ராய்ஸில் அது மழமழவென்று, கிரேக்கக் கோயில் முகப்பு மாதிரி கூர்மையான மூலைகளோடு நிற்கும். இந்த ஓர் அடையாளம் தெளிவாகத் தெரிந்தாலே போதும்.

சோவியத் சாய்கா காரின் முதல் மாடல் 1950-களின் அமெரிக்க பேக்கார்டு காரை ஒத்திருக்கும். அமெரிக்கக் கார் மாதிரி இருந்தும் எந்த அமெரிக்க நிறுவனத்தோடும் பொருந்தவில்லை என்றால், சாய்காவையும் இன்னொரு சோவியத் காரான ஸில்லையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 4: விளக்குகளை வைத்து வருடத்தைச் சுருக்குங்கள்

படம் எடுத்த வருடத்துக்குப் பிந்தைய கார் அதில் வர முடியாது. அது மேல்வரம்பு. கீழ்வரம்பை விளக்குகள் சொல்லும். அமெரிக்கக் கார்களில் நான்கு ஹெட்லைட் 1957, 1958 வாக்கில் பரவியது. பம்பரை ஒட்டிய பக்கவாட்டுச் சிறு விளக்குகளோ பிரதிபலிப்பான்களோ 1968-லிருந்து கட்டாயம். செவ்வக ஹெட்லைட் 1975 மாடல்களில் வந்தது. பின்கண்ணாடியருகே மூன்றாவது பிரேக் லைட் தெரிந்தால் 1986 மாடல் அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அது இல்லையே என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள், இருட்டுக் காட்சியில் அது கண்ணில் படாமல் போகும்.

படி 5: சரிபாருங்கள்

படங்களில் வரும் வண்டிகளைத் தொகுக்கும் ஐ.எம்.சி.டி.பி தளத்தில் படத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பதில் அங்கேயே இருக்கலாம். அதை முதலிலேயே செய்யலாமே என்றால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அங்கே அந்தப் படம் இல்லையென்றால் மேலே சொன்ன வேலைதான் கைகொடுக்கும்.

பெயர் கிடைத்ததும் அந்தக் காரின் தெளிவான புகைப்படத்தை உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். கதவுக் கைப்பிடி இருக்கும் உயரம், பின் ஜன்னலின் மூலை, பக்கவாட்டுக் குரோம் பட்டை ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். சக்கர மூடியை நம்ப வேண்டாம், அதை யாரும் மாற்றிவிடலாம். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அதே நிறுவனத்தின் முந்தைய, பிந்தைய மாடல்களைத் தேடுங்கள். அப்புறம், ஒரே காட்சியில் வெளியே தெரிவது ஒரு காராகவும் உள்ளே இருக்கைகளைக் காட்டும்போது வேறு காராகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள்.