பயிர்ச் சேத நிவாரணம்: மழை விட்டதும் என்னென்ன செய்யணும்?

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா மூழ்குவது புதிதில்லை. அரசு நிவாரணம் அறிவித்துவிட்டதே, பணம் தானாக வந்துவிடும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் பட்டியலில் பெயர் ஏறாது. முதல் தடவை கேட்கப் போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் நிவாரணம். 2015-க்கு முன் இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது. 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உச்சவரம்பு 2 ஹெக்டேர். 2024 ஃபெஞ்சல் புயலின்போது தமிழக அரசு அறிவித்ததும் இதே தொகைதான். 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்து மழைக்கு நெல்லுக்கு 20,000 தந்தார்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்பதால், 17,000 என்றால் ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாய். போட்ட முதலில் பாதிகூடத் தேறாது. ஆனாலும் விடக்கூடாது.

படி 1: அடங்கல்

அடங்கல் என்பது கிராமத்தின் பயிர்ப் பதிவேடு. எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். உங்கள் சர்வே எண்ணில், உட்பிரிவு உட்பட, இந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில்) என்ன பயிர், எத்தனை பரப்பு என்று விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) பதிந்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தபிறகு ஓடாதீர்கள். நட்டு முடித்ததுமே பதிவைப் பார்த்துவிடுங்கள். குத்தகைக்குச் செய்கிறவர்கள், குறிப்பாகக் கோயில் நிலக்காரர்கள், சாகுபடி செய்பவர் என்று தங்கள் பெயர் இருக்கிறதா எனக் கேளுங்கள். இல்லாவிட்டால் பணம் பட்டாதாரருக்குப் போய்ச் சேரும், அப்புறம் பஞ்சாயத்துதான். இறந்துபோன அப்பா பெயரிலேயே பட்டா கிடந்தாலும் இதே சிக்கல்.

படி 2: படம் எடுங்கள்

தண்ணீர் வடிவதற்குள் செல்போனில் தேதியும் இடமும் பதிவாகும்படி எடுங்கள். பயிர் மட்டும் தெரிந்தால் யார் வயல் என்று தெரியாது. பக்கத்து மோட்டார் கொட்டகை, வாய்க்கால் மதகு ஏதாவது ஒன்று படத்தில் விழட்டும்.

படி 3: கணக்கெடுப்பு நாள்

வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வருவார்கள். அன்றைக்கு வயலில் இருங்கள். அதற்குள் தண்ணீர் வடிந்து, வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். ஒரு குத்தைப் பிடுங்கிக் காட்டுங்கள்: வேர் கறுத்திருக்கும், தண்டை அழுத்தினால் நசுங்கி நாறும். கதிர் சாய்ந்திருந்தால் அடியில் முளைவிட்ட மணியைக் கையில் எடுத்துக் கொடுங்கள். ரோட்டோர மேட்டு வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பவிடாமல், வடிகாலை ஒட்டிய பள்ளத்துக்கு அழைத்துப் போங்கள்.

படி 4: தாள்கள்

பட்டா அல்லது சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல். கணக்கு முடங்கியிருந்தாலோ, இரண்டு வங்கிகள் ஒன்றானதில் ஐஎஃப்எஸ்சி (கிளைக் குறியீடு) மாறியிருந்தாலோ பணம் திரும்பிப் போய்விடும்.

பயிர்க் காப்பீடு வேறு, இது வேறு. காப்பீட்டுக்குச் சம்பாவில் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். நிவாரணத்துக்கு எதுவும் கட்டத் தேவையில்லை. காப்பீடு கட்டினேனே, நிவாரணம் தானாக வருமே என்று இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 5: பெயர் விடுபட்டால்

முதலில் விஏஓ, பிறகு தாசில்தார். அங்கும் நடக்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீசில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். சர்வே எண், பரப்பு, பயிர், படம் நான்கும் மனுவோடு இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.