கலப்பு உலோகப் பொலிஒக்சோமெற்றலேற்றின் பளிங்கமைப்பை வாசிப்பது எப்படி?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இரசாயனவியல், விவசாயம் படிக்கும் மாணவர்கள் உரத்திலுள்ள பொசுபேற்றை அளப்பதற்காக அமோனியம் மொலிப்தேற்றையும் வனடேற்றையும் அமிலக் கரைசலில் சேர்த்து, மஞ்சள் நிறம் எழுவதைக் கண்டிருப்பார்கள். அந்த நிறத்தைத் தரும் வனடோமொலிப்தோபொசுபேற்று, உலோகமும் ஒட்சிசனும் கூட்டமாய்ப் பிணைந்த மறையேற்ற அயன்களான (அன்னயன்களான) பொலிஒக்சோமெற்றலேற்றுகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆதலால், இங்கு அதன் உறவினரான, 11 மொலிப்தனமும் 1 வனேடியமும் கொண்ட அன்னயனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

எக்ஸ் கதிர்க் கருவி அருகில் இல்லை என்பது தடையன்று. கேம்பிரிட்ஜ் பளிங்கியல் தரவு மையத்திலிருந்து தனித்தனி அமைப்புக் கோப்புகளை இலவசமாகப் பெறலாம். மெர்க்குரி, வெஸ்டா ஆகிய மென்பொருள்களில் அவற்றைத் திறக்கலாம்.

படத்தைத் திறக்குமுன் மின்னேற்றத்தைக் கணக்கிடுங்கள். 1933 இல் கெகின் என்ற ஆய்வாளர் கண்டறிந்த அமைப்பில், நடுவிலுள்ள பொசுபேற்று நான்முகியைச் சுற்றி 12 உலோக எண்முகிகள் மும்மூன்றாக நான்கு கூட்டங்களாய் அமைகின்றன. ஒட்சிசன் அணுக்கள் மொத்தம் 40. பொசுபரசு 5, மொலிப்தனம் 66 (11 × 6), வனேடியம் 5 எனக் கூட்டினால் நேர் 76. ஒட்சிசன் மறை 80 (40 × 2). எஞ்சுவது மறை 4. கோப்பிலுள்ள கற்றயன்கள் (நேரேற்ற அயன்கள்) இதற்கு ஈடாகாவிட்டால், எக்ஸ் கதிருக்கு எளிதில் புலப்படாத புரோத்தன்களோ ஒழுங்கற்றுக் கிடக்கும் கற்றயன்களோ விடுபட்டிருக்கலாம்.

அடுத்து நடுவைப் பாருங்கள். பொசுபரசைச் சுற்றி 4 ஒட்சிசனுக்குப் பதிலாக 8 ஒட்சிசன் ஒரு கனசதுரமாக நின்று, ஒவ்வொன்றின் இருப்பு வீதமும் (அவ்விடத்தில் அந்த அணு இருக்கும் பங்கு) 0.5 என எழுதப்பட்டிருப்பதை அடிக்கடி காண்பீர்கள். நான்முகிக்குத் தலைகீழ் சமச்சீர் மையம் (ஒவ்வோர் அணுவுக்கும் நேரெதிரே அதே அணு நிற்கும் மையம்) இல்லை. ஆயினும் அன்னயன் அத்தகைய மையத்தில் அமரும்போது, இரண்டு திசைப்போக்குகளின் சராசரியே கோப்பில் பதிவாகிறது. அதை எட்டுப் பிணைப்புள்ள பொசுபரசு என்று வாசித்துவிடக் கூடாது.

உலோக இடங்களிலும் இதே சராசரிதான் வருகிறது, இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். வனேடியம் 12 இடங்களிலும் சமமாகப் பரவினால், ஒவ்வொரு இடமும் 11/12 மொலிப்தனமும் 1/12 வனேடியமுமாகத் தோன்றும். எக்ஸ் கதிர் அணுக்களை இலத்திரன் எண்ணிக்கையைக் கொண்டே, அதாவது அணுவெண்ணைக் கொண்டே வேறுபடுத்துகிறது. அணுவெண் 42 உம் 23 உம் கலந்து கிடைக்கும் சராசரி 40.4 மட்டுமே; நூற்றுக்கு நான்குக்கும் குறைவான இந்த வேறுபாட்டைக் கொண்டு வனேடியம் இருக்கிறதென எக்ஸ் கதிர்த் தரவு மட்டும் நிறுவிவிடாது. மொலிப்தனமும் தங்ஸ்தனும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் நிலைமை வேறு: 42 உக்கும் 74 உக்கும் உள்ள இடைவெளி பெரிது, ஆகவே இருப்பு வீதத்தை நம்பிக்கையோடு கணிக்கலாம். கோபாற்றும் நிக்கலும் 27, 28 என அடுத்தடுத்து நிற்பதால் அவற்றைப் பிரித்தறிவது மிகக் கடினம்.

பின்னர் பிணைப்பு வலுவளவுக் கூட்டுத்தொகையைக் கணியுங்கள்; ஓர் அணுவின் பிணைப்புகள் தரும் பங்குகளின் இக்கூட்டுத்தொகை அதன் வலுவளவுக்கு நெருங்கி வரவேண்டும். அந்தந்த உலோகத்துக்கும் ஒட்சிசனுக்கும் உரிய மாறிலியிலிருந்து பிணைப்பு நீளத்தைக் கழித்து, 0.37 ஆல் வகுத்து, விடையை 2.718 இன் அடுக்காக ஏற்றினால் ஒரு பிணைப்பின் பங்கு கிடைக்கும். ஆறு வலுவளவுள்ள மொலிப்தனத்துக்கும் ஒட்சிசனுக்கும் மாறிலி 1.907. முனை ஒட்சிசன் 1.68, பாலமாகும் நான்கு ஒட்சிசன்கள் 1.91, நடுவை நோக்கிய ஒட்சிசன் 2.43 அங்ஸ்ட்ரொம் என வைத்துக்கொண்டால், பங்குகள் முறையே 1.85, 3.97, 0.24; கூட்டினால் 6.06, பொருந்துகிறது. அதே நீளங்களை வனேடியத்தின் மாறிலியான 1.803 உடன் கணித்தால் 4.57 மட்டுமே வரும். வனேடியத்துக்குரிய சற்றுக் குறுகிய பிணைப்புகள் சராசரிக்குள் அமிழ்ந்துவிடுகின்றன என்பதை இது காட்டுகிறது.

ஆகவே, ஒரு கட்டுரை 11:1 என்ற விகிதத்தைச் சொன்னால், அதற்குத் தனிமப் பகுப்பாய்வு உண்டா, பொசுபரசு, வனேடியம் ஆகியவற்றின் கருக்காந்தப் பரிவு (NMR) நிறமாலை உண்டா என்று தேடுங்கள். இரண்டு வனேடியம் புகும்போது ஐந்து சமபகுதியங்கள் (வனேடியத்தின் இடங்கள் மட்டும் வேறுபடும் வடிவங்கள்) சாத்தியம். சராசரிப் படம் அவற்றை ஒன்றாகவே காட்டும்.

பயிற்சிக்கு, கொக்கிளாய்க் கரையோர மணலின் இல்மனைற்று என்ற கனியத்தில் உள்ள தைத்தேனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொசுபரசை நடுவாகக் கொண்ட கெகின் அமைப்பில், 12 தங்ஸ்தன்களில் ஒன்றின் இடத்தில் அது நான்கு வலுவளவோடு புகுந்து, 40 ஒட்சிசனும் அப்படியே இருந்தால் மின்னேற்றம் மறை 5 ஆக வேண்டும். கணக்கிட்டுச் சரிபார்த்த பின் கோப்பைத் திறவுங்கள்.