ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கர் ஊளையிடுகிறதா?

எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளை, ஆல்டர்னேட்டரிலிருந்து (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) வருவது. சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் எர்த்தில்தான், அதாவது ஆம்ப்ளிஃபயரை (ஆம்ப்) காரின் பாடியோடு இணைக்கும் ஒயரில்தான், கோளாறு.

ஆம்பை அணைத்து, ஸ்டீரியோவிலிருந்து அதற்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர்களைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு மறுபடி ஆம்பைப் போடுங்கள். இன்னும் ஊளையிட்டால் எர்த்தைப் பாருங்கள். சீட் போல்ட்டில், பெயின்ட் மேலேயே மாட்டியிருப்பார்கள். இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பவர் ஒயரின் அதே தடிமனில், 45 செ.மீ.க்குள் எர்த் கொடுங்கள். முறுக்கியபின் மேலே கொஞ்சம் கிரீஸ், துரு அண்டாது.

ஆர்சிஏவைக் கழற்றியதுமே சத்தம் நின்றதா? ஆர்சிஏவையும் பவர் ஒயரையும் காரின் ஆளுக்கொரு பக்கமாக விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், ஸ்டீரியோவின் பின்னால் ஆர்சிஏ வெளிவளையத்தையும் ஸ்டீரியோ பாடியையும் துண்டு ஒயரால் இணைத்துப் பாருங்கள். சட்டென அடங்கினால் உள்ளேயிருக்கும் கடுகளவு ஃபியூஸ் போயிருக்கும்: பெரும்பாலும், ஆம்ப் ஓடும்போதே ஆர்சிஏவைப் பிடுங்கிய வினை.